எடையைக் கூட்டுவதா, குறைப்பதா?

கோலா தெர்லாவிலிருந்து ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியை

எங்கள் கோலா தெர்லாவில் விடியற்காலையில் கோழி கூவுவதற்கு முன்பே வண்டிகள் கூவத் தொடங்கிவிடும். திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் மலைமடிப்புகளில் ஒதுங்கிக் கிடக்கும் இந்த ஊரில், பனி விலகாத நேரத்திலேயே லேண்ட்ரோவர்களும் லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் காய்கறிக் கூடைகளோடு முனகிக்கொண்டு மேடு ஏறும். எந்த வீட்டு வண்டி எந்தச் சத்தம் போடும் என்று லயத்துப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். மலைவாசிகளுக்கு வண்டி என்பது ஆடம்பரம் அல்ல. அது குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரு ஆள்.

அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் வீடே படுத்துவிடும். அப்படி ஒரு வண்டிக்கு வந்த நோயையும், அதற்கு மருந்து தேடிய கதையையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் இயந்திரம் படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணக்கும் அறிவியலும் கற்பிக்கப் பழகியவள்; அவ்வளவுதான். ஆனாலும் இந்தக் கதையில் கணக்கு வாத்தியாருக்கும் ஒரு வேலை இருந்தது. அதனால்தான் துணிந்து பேனாவை எடுத்தேன்.

தராசு கேட்டு வந்த தம்பி

பள்ளி விடுமுறையில் ஒருநாள் பிற்பகல், என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் சிறிய பொட்டலம்.

"டீச்சர், ஸ்கூல்ல ஒரு கிராம்கூட தப்பாம காட்டுற தராசு இருக்குதானே? கொஞ்சம் பார்க்கணும்" என்றான்.

பொட்டலத்தைப் பிரித்தான். வளைந்த விரல் அளவில் மூன்று இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் 66 என்று பொறித்திருந்தது. "கிளட்ச் வெயிட் டீச்சர். வண்டி உலுக்குது. இதை மாத்தினா சரியாயிடும்னு சொன்னாங்க" என்றான்.

அவனுடைய வண்டி எங்கள் ஊருக்குப் புதுமையானது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும், கூரைக்கம்பி போட்ட, பின்னால் சின்னத் தொட்டி வைத்த நான்கு சக்கர மலைவண்டி. ஆங்கிலப் பெயரைத் தமிழில் ஒலித்தால் 'சைட்-பை-சைட்' என்பார்கள், சிலர் 'யூ.டி.வி.' என்பார்கள். கீழ்நாட்டில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஓடிய பழைய வண்டியை வாங்கி வந்திருந்தான். சாலையில் ஓட்டுவதற்கு உரியதல்ல. குத்தகைக்கு எடுத்த காய்கறி நிலத்துக்குள் உரமும் தக்காளியும் ஏற்றுவதற்கு மட்டும்.

வாங்கிய பணம் அவன் பணம் அல்ல. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அவன் அம்மாவின் ஊழியர் சேமநிதிப் பணம். கூடையைச் சுமந்து சுமந்து நெற்றியில் கயிற்றுத் தழும்பு விழுந்த அந்த அம்மா, "இனிமே என் பிள்ளை முதுகுல சுமக்க வேணாம்" என்று எடுத்துக் கொடுத்த பணம்.

வண்டியோ வந்த நாளிலிருந்து மக்கர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கழுத்து ஒடிகிற மாதிரி ஒரு உலுக்கல். மெதுகியரிலிருந்து வேககியருக்கும், பின்கியருக்கும் மாற்றும்போது பல்லோடு பல் அரைகிற கர்கர் சத்தம். மேட்டில் திணறல். எல்லாவற்றுக்கும் மேலாக, போன வாரம் தக்காளிப் பெட்டிகளோடு சரிவில் இறங்கியபோது, எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்ததும், பிடித்து இழுக்க வேண்டிய இன்ஜின் கைவிட்டது மாதிரி வண்டி தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, மண்மேட்டில் மோதி நின்றது. பெட்டிகள் நசுங்கின. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

அன்று இரவே அவன் அம்மா, "வித்துப்புடு. பணம் போனாலும் போகுது" என்று சொல்லிவிட்டார். அவன் கேட்டது ஒரு வாரத் தவணை. அந்த ஒரு வாரத்தில்தான் இந்தப் பொட்டலம் வந்திருக்கிறது.

நம் வீட்டுக் கப்சாயிலும் இதுதான்

"வெயிட்டை மாத்தினா ஏன் சரியாகும்?" என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆகவே இருவரும் சேர்ந்து படித்தோம், தெரிந்தவர்களைக் கேட்டோம்.

வாசகர்களே, கிளட்ச் என்றால் என்ன? ஓடுகிற இன்ஜினையும் நிற்கிற சக்கரத்தையும் சண்டையில்லாமல் கைகோக்க வைக்கும் தரகர். லேண்ட்ரோவரில் அந்தத் தரகு வேலையை ஓட்டுநரின் இடது கால் செய்கிறது. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமான அந்த வண்டி, நம் மலையில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் முதல் இரண்டு வரிசைகளில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு உண்டு. முதல் இரண்டு கியர்களுக்கு இல்லை. அதனால்தான் பழைய டிரைவர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் கொஞ்சம் எண்ணெய் கொடுத்து, கியரைத் தாலாட்டிப் போடுவார்கள். 1971இல் வந்த மூன்றாம் வரிசையில்தான் நான்கு கியர்களுக்கும் அந்த வசதி கிடைத்தது. லேண்ட்ரோவரில் கியர் கரகரத்தால் அதற்கும் நாம் பேசப்போகும் எடைக்கும் சம்பந்தம் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கால் செய்யும் வேலையை எடைக்கட்டிகளே செய்யும் வண்டியும் நம் வீட்டில் இருக்கிறது. அதுதான் கப்சாய். 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் கப்' அதன் மூதாதை. 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்ற பொருளுடைய சீனச் சொல் சேர்ந்து நம் நாட்டில் 'கப்சாய்' ஆனது என்பார்கள். சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட முடிய வேண்டும் என்ற எண்ணத்தில் கிளட்ச் பிடியே இல்லாமல் அதை அமைத்தார்களாம். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் எடைக்கட்டிகள் அடங்கிக் கிடக்கும். வேகம் கூடினால் அவை வெளிப்பக்கம் விலகி, தட்டுகளை அழுத்திப் பிடிக்கும், வண்டி நகரும். 2017இல் அந்த வகை வண்டிகளின் எண்ணிக்கை பத்துக்கோடியைத் தொட்டது.

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு 'டி.வி.எஸ். 50' தெரிந்திருக்கும். 1980இல் ஓசூரிலிருந்து வந்த அந்தச் சின்ன வண்டியிலும் எடை விலகிப் பிடிக்கும் கிளட்ச்தான். கீரைக்கட்டு, பால்கேன், இரண்டு பிள்ளைகள் என்று எதை ஏற்றினாலும், கிளட்ச் பிடியும் கியரும் இல்லாமல் அது கிளம்பியதன் இரகசியம் இதுவே.

கியர் மாற்றாமலே மாறும் கியர்

சைட்-பை-சைட் வண்டி இதைவிட ஒரு படி மேல். அதில் எடைக்கட்டிகள் பிடிப்பது மட்டுமல்ல, கியரின் அளவையும் அவையே மாற்றுகின்றன.

தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே பெரிய சக்கரம், மேலே சிறிய சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு வார். சக்கரங்களின் அளவு மாறினால் வேகம் மாறும் அல்லவா? இந்த வண்டியில் சக்கரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு மாறுகின்றன. எப்படி? ஒவ்வொரு புல்லியும் இரண்டு சாய்ந்த தட்டுகளால் ஆனது. இரண்டு தட்டுகளும் விலகி இருந்தால் பெல்ட் நடுவில் ஆழமாக இறங்கிக் கிடக்கும். அப்போது அது சிறிய சக்கரம். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறிவிடும். அப்போது அது பெரிய சக்கரம்.

இன்ஜினோடு சேர்ந்த முன்புல்லியில், தட்டுகளை ஒரு ஸ்பிரிங் விலக்கி வைத்திருக்கிறது. எடைக்கட்டிகள் சுழற்சியால் வெளியே விரிந்து, ரோலர்களைத் தள்ளி, தட்டுகளை நெருக்குகின்றன. ஸ்பிரிங் 'வேண்டாம்' என்கிறது. எடை 'வா' என்கிறது. இந்த இழுபறியில் யார் எப்போது ஜெயிக்கிறார்களோ, அதற்கேற்ப வண்டி கிளம்புகிறது, வேகம் மாறுகிறது. பின்புல்லியில் இன்னொரு ஸ்பிரிங்கும் ஒரு சாய்வுத் தடமும் இருந்து, மேட்டில் பாரம் கூடும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடித்து மெதுகியர் பக்கம் கொண்டுவருகின்றன.

இந்த ஏற்பாடு புதியதல்ல. 1958இல் ஹாலந்து நாட்டின் 'டாஃப்' நிறுவனம் இத்தகைய பெல்ட்டும் எடைகளும் கொண்ட சிறு காரை ஆம்ஸ்டர்டாமில் காட்டியது. அதை உருவாக்கியவர் ஹப் வான் டோர்ன். முன்னால் எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவு வேகமாகப் பின்னாலும் ஓடும் கார் அது. பின்னோக்கி ஓட்டும் பந்தயம்கூட நடத்தி வேடிக்கை பார்த்தார்கள்! இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கைனெடிக் ஹோண்டா' கூட்டுத் தொழிலிலிருந்து வந்த கியரில்லாத ஸ்கூட்டரும் இதே குடும்பம். தோட்ட வேலைக்கு என்று 1988இல் கவாசாகியின் 'மியூல்', 1998இல் போலாரிஸின் 'ரேஞ்சர்', 2003இல் யமஹாவின் 'ரைனோ' என்று வரிசையாக வந்தன. தம்பியின் வண்டியும் இந்தச் சாதியில் ஒன்றுதான்.

ஒரு கிராமின் பலம்

இனி தராசுக்கு வருவோம். தம்பி வண்டியில் இருந்த பழைய எடைகளில் 62 என்று பொறித்திருந்தது. வாங்கி வந்தது 66. "நாலே கிராம்தானே டீச்சர், அதுல என்ன வரப்போகுது?" என்றான்.

நான் கரும்பலகைக்காரி, கணக்குப் போட்டுக் காட்டினேன். கவணில் கல்லை வைத்துச் சுற்றும்போது கயிறு கையை இழுக்கிறதே, அந்த இழுப்பு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: கல்லின் எடை, கயிற்றின் நீளம், சுற்றும் வேகம். இவற்றில் வேகம் மட்டும் பெரிய மாயக்காரன். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு கிராம் எடையைச் சுற்றினால், அது வெளியே இழுக்கும் பலம் ஏறக்குறைய 2 கிலோவைத் தூக்கும் பலத்துக்குச் சமம். ஒரு கிராம், இரண்டு கிலோ ஆகிறது! அதே ஒரு கிராம், 1,200 சுற்றில் வெறும் 80 கிராம் பலம்தான் காட்டும். அப்படியானால் நாலு கிராம் கூடுதல், மூன்று எடைகளுக்கும் சேர்த்து, 6,000 சுற்றில் எவ்வளவு? இருபத்து நான்கு கிலோ. ஒரு மூட்டை அரிசியை அந்தத் தட்டின்மேல் சாய்த்து வைத்தது மாதிரி.

தம்பி பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்தான். நாலு கிராமை அவன் அதற்குப் பிறகு அலட்சியமாகப் பேசவில்லை.

எடை கூடினால் என்ன ஆகும்? எடை சீக்கிரம் ஜெயித்துவிடும். பெல்ட் முன்கூட்டியே பிடிக்கும். இன்ஜின் வேகம் எடுப்பதற்குள் பெரிய கியருக்குப் போய்விடும். சுற்று குறைந்து இன்ஜின் திணறும். எடை குறைந்தால்? ஸ்பிரிங் அதிக நேரம் தாக்குப் பிடிக்கும். இன்ஜின் நன்றாகச் சுற்றிப் பலம் எடுத்த பிறகே பெல்ட் பிடிக்கும். மேடு ஏறுவதற்கு அது நல்லது. ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் இன்ஜின் அலறும், வண்டி நகராது, எண்ணெய் குடிக்கும், பெல்ட் சூடேறும்.

மலைக்காற்று இலேசான காற்று

இங்கேதான் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருந்தது. அந்த வண்டி எங்கிருந்து வந்தது? கீழ்நாட்டிலிருந்து.

நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்: தாப்பாவில் வேகிற பருப்பு இங்கே கொஞ்சம் தாமதமாகத்தான் வேகும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். பிரிஞ்சாங் பட்டணத்தின் உயரம் கிட்டத்தட்ட அதுதான். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. கோலா தெர்லா அவ்வளவு உயரம் இல்லை என்றாலும் நாமும் ஆயிரம் மீட்டருக்கு மேலேதான் குடியிருக்கிறோம்.

பருப்பு வேகச் சுணங்குவது மாதிரி இன்ஜினும் சுணங்கும். காற்றை ஊதித் திணிக்கும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு விழுக்காடு பலம் குறைகிறது என்பது பொதுவான கணக்கு. கார்புரேட்டர் இல்லாமல் எண்ணெயை அளந்து பீய்ச்சும் புதிய இன்ஜின்கள் காற்றுக்குத் தக்கபடி எண்ணெயைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அவற்றாலும் உண்டாக்க முடியாது.

ஆக, கீழ்நாட்டில் 62 கிராம் எடையை எதிர்த்துச் சுற்றும் பலம் இருந்த இன்ஜினுக்கு இங்கே அந்தப் பலம் இல்லை. எடைக்கட்டிக்கோ உயரம் தெரியாது. அது எங்கும் அதே 62 தான். இன்ஜின் இளைத்துவிட்டது, பாரம் இளைக்கவில்லை. அதன்மேல் 66 போடச் சொன்னது, மூச்சு வாங்கும் ஆளின் தலையில் இன்னொரு கூடையை வைத்த கதை. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கீழ்நாட்டில் பாரம் ஏற்றாமல் ஓட்டும் வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்.

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தோம். அதில் உயரத்துக்கு ஏற்ற எடை அட்டவணை ஒன்று இருந்தது. எங்கள் உயரத்துக்கு அது சொன்ன எண் 58. கூட்ட வேண்டியதல்ல, குறைக்க வேண்டியது!

நோய் ஒன்று, காரணம் நான்கு

ஆனால் எடையை மட்டும் மாற்றிவிட்டுக் கையைக் கழுவியிருந்தால் பாதி நோய் அப்படியே இருந்திருக்கும். இந்த வேலையில் அனுபவப்பட்ட பெரியவர் ஒருவர் கிளட்ச் மூடியைத் திறந்து, முதலில் பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது, இன்ஜின் சும்மா ஓடும் வேகம். அது அளவுக்கு மேல் இருந்தது. கனமான எடை, தளர்ந்த பழைய ஸ்பிரிங், அதிகமான ஓட்டம் மூன்றும் சேர்ந்து, வண்டி நிற்கும்போதே பெல்ட்டை இலேசாகப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றுகிற கியரின் மேல் இன்னொரு கியரைத் தள்ளினால் கர்கர் என்று அரையாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, ரோலரும் புஷ்ஷும். உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. நகர வேண்டிய தட்டு வழியில் சிக்கி நின்று, பிறகு திடீரென்று குதித்து மூடியது. அந்தக் குதிப்புதான் கழுத்தை ஒடித்த உலுக்கல்.

மூன்றாவது, பெல்ட். வழுக்கி வழுக்கிச் சூடேறி அதன் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தன. அப்படிப்பட்ட பெல்ட் முதலில் வழுக்கும், பிறகு சட்டென்று கவ்வும்.

நான்காவது, தூசும் ஈரமும். காற்றுக்குழாயின் வடிகட்டி அடைத்துக் கிடந்தது. உள்ளே செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணும் நம் மலைச்சேறும் ஒன்றாகப் படிந்திருந்தன.

"முதல்ல உள்ளதைச் சரிபண்ணு. அதுக்கு அப்புறம் இல்லாததைத் தேடு" என்றார் பெரியவர். அதை நான் என் வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

செய்த விதம்

ஸ்கூட்டரோ மலைவண்டியோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூடியில்லாமல் இன்ஜினை ஓட்டிப் பார்க்கவே கூடாது. சுழலும் தட்டோ அறுந்த பெல்ட்டோ தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். அந்த மூடி அழகுக்காகப் போட்டதல்ல.

முன்புல்லியைக் கழற்ற அதற்கென்று உள்ள கருவி வேண்டும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. சுத்தியலால் தட்டிக் கழற்றப் பார்த்தால் புல்லியும் கெடும், கையும் கெடும். பழக்கமில்லாதவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

எடைகளை எப்போதும் தொகுதியாக மாற்ற வேண்டும். ஒன்றுக்கு ஒன்று சமமாக இருக்க வேண்டும். இங்கேதான் பள்ளித் தராசு உதவியது. ஒன்று கூடி ஒன்று குறைந்தால், ஒரு பக்கம் கனத்த கூடையைச் சுமப்பவர் தள்ளாடுவது போலப் புல்லியும் தள்ளாடும். எடை சமமாக இருந்தாலும் அதன் வளைவு வடிவம் அந்த வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் இதே வேலையைப் பெரும்பாலும் ஆறு உருளை ரோலர்கள் செய்கின்றன; அவற்றையும் ஒன்றிரண்டாக மாற்றக் கூடாது.

புல்லித் தட்டுகளில் எண்ணெயோ கிரீஸோ படவிடக் கூடாது. புதிய பெல்ட் போட்டால் முதல் சில நாட்கள் பாரம் குறைத்து, நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே மேட்டில் அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

தம்பி பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் அப்படியே எழுதினான். சுத்தம் செய்து ரோலர், புஷ், ஸ்பிரிங், பெல்ட் மாற்றி, சும்மா ஓடும் வேகத்தைக் குறைத்ததும், பழைய 62 எடையோடே கியர் அரைவது நின்றுவிட்டது. உலுக்கலும் பெரும்பாலும் போய்விட்டது. மேட்டில் திணறல் மட்டும் பாக்கி. 66 பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து 58 வாங்கிப் போட்ட பிறகு அதுவும் தீர்ந்தது.

ஏற்றம் ஒரு கணக்கு, இறக்கம் ஒரு கணக்கு

கதை இத்துடன் முடிந்தது என்று தம்பி நினைத்தான். நான் விடவில்லை. அம்மா பயந்தது ஏற்றத்தைப் பார்த்து அல்லவே! இறக்கத்தைப் பார்த்து.

லேண்ட்ரோவரில் சின்ன கியரைப் போட்டு இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எடைக் கிளட்ச் வண்டியில் அந்தப் பிடி ஒரு எல்லை வரைதான். காலை எடுத்து, இன்ஜின் சுற்று ஓர் அளவுக்குக் கீழே போனதும் எடைகள் அடங்கிவிடும்; ஸ்பிரிங் தட்டுகளை விலக்கிவிடும்; பெல்ட் விடுபடும். அப்புறம் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவே இல்லை. வண்டி சும்மா உருளும். சில மாடல்களில் இதைத் தடுக்கத் தனி அமைப்பு உண்டு. தம்பியின் பழைய வண்டியில் இல்லை. அன்று சரிவில் நடந்தது இதுதான்.

இதில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. எடையைக் குறைத்தால் பெல்ட் தாமதமாகப் பிடிக்கும் என்றேன். அதே காரணத்தால் இறக்கத்தில் அது முன்னதாகவே விட்டுவிடும். ஏற்றத்துக்குக் கிடைத்த லாபத்துக்கு இறக்கத்தில் கொஞ்சம் வட்டி கட்ட வேண்டும். எனவே மேடு ஏற வேண்டும் என்ற ஆசையில் தேவைக்கு மேல் எடையைக் குறைப்பது நம் மலைக்கு ஆகாது. கையேடு சொன்ன அளவோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவே காரணம்.

பெரியவர் சொல்லிக் கொடுத்த முறை இது: சரிவு தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி மெதுகியரில் போட்டுவிட வேண்டும், பாதி இறக்கத்தில் மாற்றக் கூடாது. காலை முழுவதும் எடுத்துவிடாமல் எண்ணெய்ப் பெடலை இலேசாகத் தொட்டுக்கொண்டே இறங்கினால் பெல்ட் பிடியில் இருக்கும். வண்டி உருளத் தொடங்குவது போலத் தோன்றினால் ஒரு கணம் இலேசாகத் தொட்டுவிட்டால் மறுபடி பிடிக்கும். இதெல்லாம் துணைதான், நிறுத்துவது பிரேக். ஆகவே பிரேக் கட்டைகளைச் சேற்றுக்காலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியைச் சரிவின் குறுக்கே திருப்பக் கூடாது. பெல்ட் போட்டுத்தான் உட்கார வேண்டும். நான் சொல்வது உட்காருபவர் இடுப்பில் போடும் பெல்ட்!

தம்பியும் பிரேக் கட்டைகளை மாற்றினான். அதற்கான செலவு, எடைகளுக்கு ஆனதைவிட அதிகம். முகம் சுளித்தான். "எது உன்னை மேலே ஏத்துதோ அதுக்குக் காசு தர்றே. எது உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்குதோ அதுக்குத் தர யோசிக்கிறியே" என்றேன். பிறகு பேசவில்லை.

அம்மாவின் தீர்ப்பு

தவணை முடிந்த நாளில் நானும் அவர்கள் நிலத்துக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பிளாஸ்டிக் கூரைகளின் கீழ் தக்காளி. மழை பெய்து ஓய்ந்த ஈரம்.

அவன் அம்மா முதலில் ஏற மறுத்தார். "நான் நடந்தே ஏறுனவ டீச்சரம்மா. எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். நான் பக்கத்தில் நின்று, "ஏறுங்கக்கா, உங்க காசுதானே ஓடுது" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார். முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. கழுத்து ஆடவில்லை. மேட்டில் ஒரே சீராக ஏறி, பனிக்குள் மறைந்தது. எனக்கு நெஞ்சு படபடத்ததெல்லாம் அது திரும்பி இறங்கும்போதுதான். சத்தத்தை உற்றுக் கேட்டேன். இன்ஜின் அடங்காமல், அலறாமல், ஒரே முனகலாக இறங்கி வந்து நின்றது.

அந்த அம்மா இறங்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டார். வண்டியைப் பாராட்டவில்லை, மகனையும் பாராட்டவில்லை. "நாளைக்கு உரமூட்டை ரெண்டு ஏத்திப் பாரு. அதுக்கு அப்புறம் விக்கிறதா வேணாமான்னு சொல்றேன்" என்றார். முப்பது ஆண்டுகள் மலையில் காலூன்றி நின்றவர் ஒரு வெற்று ஓட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடுவாரா?

மறுநாள் மூட்டைகளும் ஏறின; இறங்கின. வண்டி விற்கப்படவில்லை.

தம்பி கழற்றிய பழைய 62 எடைகளை என்னிடம் கொடுத்துவிட்டான். அவை இப்போது என் வகுப்பறை மேசையில் இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது என்ன டீச்சர்?" என்று கேட்பார்கள். நான் ஒரு கயிற்றில் அழிப்பானைக் கட்டிச் சுற்றிக் காட்டுவேன். சுற்றச் சுற்றக் கயிறு விறைக்கும். அவர்கள் கண்கள் விரியும்.

வாசகர்களே, உங்கள் வீட்டு வண்டி உலுக்கினால் உடனே புதிய சாமான் வாங்க ஓடாதீர்கள். என்ன தேய்ந்திருக்கிறது, எங்கே அழுக்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எந்த ஊருக்காகச் சொன்ன யோசனை அது, நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் எடையை மாற்றத்தான் வேண்டும் என்றால், கூட்டுவதா குறைப்பதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். தராசு வேண்டுமென்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள், மறுக்க மாட்டார்.